பட்டாணி அளவுத் துளைகள்

டைபர் நதியில் குளித்துக் கரையேறிய ஒரு பெண்ணுக்குக் கைகொடுத்ததுதான் ஹெர்மாஸ் செய்த காரியம். ஊர் ரோம், காலம் இரண்டாம் நூற்றாண்டு. அந்தப் பெண்ணின் பெயர் ரோதா. முன்பு ஹெர்மாஸை அடிமையாக விலைக்கு வாங்கியவள் அவள்தான். இப்போது அவர் கிறிஸ்தவர். மனைவி மக்களோடு குடும்பம் நடத்துகிறவர். கைகொடுத்த நேரத்தில் அவர் மனதில் ஒரு நினைப்பு ஓடியது: இவ்வளவு அழகும் குணமும் உள்ள ஒருத்தி மனைவியாக வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வேறொன்றும் நடக்கவில்லை. சில காலம் கழித்து அவர் தனியே நடந்துபோய்க்கொண்டிருந்தபோது ஒரு தரிசனம் கண்டார். வானம் திறந்தது. அங்கே ரோதா நின்றுகொண்டிருந்தாள். ஹெர்மாஸின் பாவத்தைக் கடவுளிடம் முறையிடவே தன்னை மேலே எடுத்துக்கொண்டதாகச் சொன்னாள்.

ஹெர்மாஸுக்கு உடல் நடுங்கிப்போயிற்று. நடுங்கக் காரணம் இருந்தது. ஞானஸ்நானத் தண்ணீரில் முங்கி எழுந்தவருக்கு அதுவரை செய்த பாவமெல்லாம், கொலையே ஆனாலும், கழுவப்பட்டுவிடும் என்பது அன்றைய சபையின் நம்பிக்கை. ஆனால் ஞானஸ்நானம் ஒரு முறைதான். தலையின் ஈரம் காய்ந்தபிறகு செய்யும் பாவத்துக்கு என்ன வழி? எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஒருமுறை ஒளியைக் கண்டபின் விழுந்துபோனவர்களைத் திரும்பவும் புதுப்பிக்க முடியாது என்கிறது அது. ரோமிலேயே சில போதகர்கள், தண்ணீருக்குப் பிறகு மனந்திரும்புதல் என்ற ஒன்றே கிடையாது என்று போதித்துவந்தார்கள். ஹெர்மாஸ் தமக்கு மேய்ப்பன் வேடத்தில் தோன்றிய தேவதூதனிடமே இதைக் கேட்டுவிட்டார்.

தூதன் சொன்ன பதில்: இன்னும் ஒரே ஒரு தடவை உண்டு. அதற்கு மேல் இல்லை.

இந்தத் தரிசனங்களை எல்லாம் தொகுத்து அவர் எழுதிய ‘மேய்ப்பன்’ என்ற நூல் பரபரவென்று பரவியது. வேதாகமத்தின் மிகப் பழைய முழுப் பிரதிகளில் ஒன்றான சினாய்ப் பிரதியில், புதிய ஏற்பாட்டை அடுத்து இதையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். அத்தனை மதிப்பு. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற எழுத்தாளர், 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இதே கருத்தைக் கப்பல் கவிழ்ந்தவன் பற்றிக்கொள்ளும் பலகையாக உருவகித்தார். பலகை ஒன்றுதான், அதையும் நழுவவிட்டால் கடல். பிறகு அவரே கடும் நோன்பாளிகளின் பக்கம் சாய்ந்து, அந்தப் பலகையையும் பிடுங்கிப் போட்டார். ஹெர்மாஸின் நூல் விபசாரிகளுக்கு வக்காலத்து வாங்குகிறது என்று கேலி செய்தார். ஆனாலும் இதுவரை நடந்ததெல்லாம் ஒரு சிறு வட்டத்துக்குள் நடந்த வாக்குவாதம். ரோமப் பேரரசின் அரியணையில் டேசியஸ் என்ற படைத்தளபதி ஏறியதும் எல்லாம் தலைகீழானது.

பேரரசு நாலாபுறமும் ஆட்டங்கண்டிருந்த நேரம். தெய்வங்களின் கோபம்தான் காரணம் என்று டேசியஸ் முடிவு செய்தார். 250-இல் நாடெங்கும் ஓர் ஆணை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவரும் அதிகாரிகள் முன்னிலையில் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பானம் வார்த்து, படையலில் ஒரு வாய் உண்டு, சாட்சிக் கையெழுத்தோடு சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். எகிப்தின் மணலிலிருந்து இந்தப் பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. முதலாவது 1893-இல் பதிப்பிக்கப்பட்டது. அவற்றில் ஒன்று முதலைத் தெய்வமான பெத்தசூக்கோஸின் பூசாரிணி ஒருத்திக்கு வழங்கப்பட்டது. தொழிலே பூசையாக இருந்தவளும், தான் பூசை செய்ததற்குச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது! அதிகார இயந்திரம் அன்றும் அப்படித்தான். ரோம் ஆயர் ஃபபியான் அந்த ஜனவரியிலேயே கொல்லப்பட்டார். மற்ற கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் யாரும் எதிர்பாராதது.

ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். கார்த்தேஜில் நடந்ததை அந்நகர் ஆயர் சிப்ரியான் வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும், இன்றே முடித்துவிடுங்கள் என்று சிலர் கெஞ்சினார்களாம். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. சிலர் பலியிட்டார்கள், சிலர் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டதோடு தப்பித்தார்கள். இன்னும் சிலர் எதுவுமே செய்யாமல், அதிகாரிக்குக் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினார்கள். மனசாட்சிக்கும் தலைக்கும் ஒரே நேரத்தில் சேதமில்லாத ஏற்பாடு என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். இதை எழுதிய சிப்ரியான் அப்போது தலைமறைவாக இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரைப் பிடிக்காதவர்கள் அதைச் சொல்லிக் காட்டத் தவறவில்லை.

அடுத்த ஆண்டே டேசியஸ் கோத்தியர்களோடு நடந்த போரில், அப்ரித்தஸ் என்ற இடத்தில் மடிந்தார். ஆணையும் அவரோடு போயிற்று. இப்போது சபை வாசலில் ஒரு கூட்டம் நின்றது. தலை குனிந்து, மறுபடி உள்ளே வர அனுமதி கேட்டு நின்றவர்கள் சபையில் பெரும்பகுதி. ஹெர்மாஸின் ஒரு நினைப்புக்கே வானம் திறந்தது என்றால், சிலைக்கு முன் பலியிட்டவர்களுக்கு என்ன கதி?

இங்கே ஒரு விசித்திரம் நடந்தது. சித்திரவதைக்கும் அசையாமல் சிறையில் கிடந்த விசுவாச வீரர்களுக்கு மன்னிப்பு வழங்கும் தகுதி உண்டு என்று மக்கள் நம்பினார்கள். விழுந்தவர்கள் சிறைக்குப் போய் அவர்களிடம் சமாதானச் சீட்டு எழுதி வாங்கத் தொடங்கினார்கள். அரசாங்கத்திடம் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே போனவர்கள், சிறைவாசியிடம் இன்னொரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார்கள். சில சீட்டுகளில் ‘இன்னாரும் அவரைச் சேர்ந்தோரும்’ என்று மட்டும் இருந்தது. இப்படி எழுதினால் ஒரே சீட்டில் இருபது முப்பது பேர் நுழைந்துவிடுவார்களே என்று சிப்ரியான் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் லூசியானுஸ் என்ற சிறைவாசி, வீரர்கள் அனைவரும் சேர்ந்து விழுந்தவர்கள் அனைவருக்கும் சமாதானம் அளித்துவிட்டதாக ஆயருக்கே ஒரு கடிதம் போட்டார். விஷயம் கைமீறிக்கொண்டிருந்தது.

251-இல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடினார்கள். சீட்டு வியாபாரம் செல்லாது. காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, தவம் செய்தபின் சேர்க்கலாம். பலியிட்டவர்கள் காலமெல்லாம் தவம் செய்ய வேண்டும். மரணப் படுக்கையில் சமாதானம் தரலாம். சில காலத்திலேயே புதிய கலாபனை, அதாவது கிறிஸ்தவர்கள்மேல் இன்னொரு அடக்குமுறை, வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. தவத்தில் இருந்தவர்களை வெறுங்கையோடு களத்துக்கு அனுப்ப முடியாதே? அவர்களையும் ஆயர்கள் சேர்த்துக்கொண்டார்கள். இதற்குள் ரோமில் ஒருவர் எழுந்து, இது துரோகம் என்று முழங்கினார்.

நோவாசியன் என்ற குரு அவர். இலத்தீனில் இறையியல் எழுதிய நல்ல படிப்பாளி. ரோம் ஆயர் பதவியைக் கொர்னேலியஸிடம் தோற்றவர். மறுதலித்தவனைக் கடவுள் மன்னித்தாலும் மன்னிப்பார், திருச்சபைக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார். தமக்கென்று ஒரு சபையை நிறுவி, தாமே எதிர் ஆயராகவும் அமர்ந்தார். கொர்னேலியஸும் சும்மா இருக்கவில்லை. இந்தத் தூயவர், கலாபனை நாளில் சகோதரர்களுக்கு உதவக் கூப்பிட்டபோது அறைக்குள் பூட்டிக்கொண்டு, நான் குருவே இல்லை என்றவர்தான் என்று கடிதம் எழுதினார். எதிரியின் வாக்குமூலம், கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் ஏற்க வேண்டும். ஆனால் ‘தூயோர்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட நோவாசியனின் சபை பல நூற்றாண்டு நிலைத்தது. 325-இல் நைசியா சங்கத்துக்கு வந்த அச்சபையின் ஆயர் அசேசியஸிடம், ஏணி ஒன்றை எடுத்துத் தனியாகவே சொர்க்கத்துக்கு ஏறிக்கொள்ளும் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் கிண்டலடித்ததாக வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் சொல்கிறார். கிண்டலடித்த பேரரசர் அப்போது இன்னும் ஞானஸ்நானமே பெறவில்லை. ஏன் பெறவில்லை?

நன்றாகக் கணக்குப் போட்டவர் அவர். தண்ணீர் ஒரு முறை, தவம் ஒரு முறை என்றால், தண்ணீரைக் கடைசி நாளுக்குச் சேமித்துவைப்பதுதானே புத்திசாலித்தனம்? 337-இல் நிக்கோமீதியா அருகே நோய்ப்படுக்கையில் ஞானஸ்நானம் பெற்று, சில நாட்களில் இறந்தார். அவர் மட்டுமல்ல, அன்றைக்குப் பலரும் இப்படித்தான். பின்னாளில் புனிதரான அகுஸ்தீனுக்குச் சிறுவயதில் கடும் வயிற்றுவலி கண்டபோது, தாய் மோனிக்கா ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்தார். பையன் பிழைத்துக்கொண்டதும் ஏற்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டார். இனி செய்யப்போகிற பாவங்களும் சேர்ந்தே கழுவப்படட்டும் என்பதுதான் காரணம். ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. சாகக் கிடந்தவர் பிழைத்தெழுந்துவிட்டால்?

380-இல் பேரரசர் தியோடோசியஸுக்கு அதுதான் நேர்ந்தது. தெசலோனிக்காவில் சாகக் கிடந்தார், ஞானஸ்நானம் பெற்றார், எழுந்து உட்கார்ந்துவிட்டார். பத்தாண்டு கழித்து அதே ஊரில் அவருடைய ஆணையால் பெரும் படுகொலை நடந்தது. தண்ணீர் செலவாகிவிட்டது; பலகை மட்டுமே மிச்சம். தவம் செய்தாலன்றி நற்கருணை இல்லை என்ற மிலான் ஆயர் அம்புரோஸ் அசையவில்லை. உலகின் அதிபதி அரச உடைகளைக் கழற்றிவைத்துவிட்டு, கோயிலில் மக்கள் பார்க்க அழுது தவம் செய்தார்.

அந்தத் தவம் லேசுப்பட்டதல்ல. வேண்டுமென்றே கொலை செய்தவனுக்குச் செசாரியா ஆயர் பசிலியு வகுத்த காலம் 20 ஆண்டு. நான்காண்டு கோயில் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம் அழுது வேண்ட வேண்டும். ஐந்தாண்டு வாசகம் கேட்டுவிட்டு வெளியேற வேண்டும். ஏழாண்டு முழங்காலில். கடைசி நான்காண்டு நின்று வழிபடலாம், நற்கருணை கிடையாது. மேற்கில், எல்லாம் முடித்துச் சமாதானம் பெற்றபின்னும் சாகும்வரை படைத்தொழில் கூடாது, இல்லறம் கூடாது. இதையும் ஒரே முறைதான் செய்ய முடியும். விளைவு? ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்ட மக்கள் இப்போது தவத்தையும் மரணப் படுக்கைக்குத் தள்ளிப்போட்டார்கள். ஆயர்களே இளைஞர்களைப் பார்த்து, இப்போது வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. மன்னிக்க ஏற்படுத்திய முறை யாருக்கும் உதவாமல் கிடந்தது.

கிழக்கே ஒரு மாற்று வழி இருக்கத்தான் செய்தது. நோவாசியன் பிரிந்துபோன காலத்திலேயே, விழுந்தவர்களின் பாவங்களைத் தனியாகக் கேட்டுத் தவம் குறித்துத் தரச் சில சபைகள் ஒரு குருவை நியமித்திருந்தன. கான்ஸ்டான்டினோப்பிளில் அந்தப் பதவி நன்றாகவே நடந்துவந்தது. 391-ஐ ஒட்டி, உயர்குடிப் பெண் ஒருத்தி அந்தக் குருவிடம் வந்து தன் பாவங்களைச் சொன்னாள். கோயிலில் தங்கி நோன்பும் செபமுமாக இருக்கச் சொன்னார். சில நாளில் மறுபடி வந்து இன்னொன்றையும் சொன்னாள்: நோன்பிருந்த அந்தக் கோயிலிலேயே ஒரு தியாக்கோனோடு தொடர்பு ஏற்பட்டுவிட்டதாம். செய்தி எப்படியோ வெளியே கசிந்தது. நகரமே கொந்தளித்தது. பிதாப்பிதா நெக்டாரியஸ் அந்தப் பதவியையே ஒழித்தார். அவரவர் மனசாட்சிப்படி நற்கருணை வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். பாவம் கேட்பவர், சொல்பவள், மூடிய இடம் என்ற இந்த மூன்றும் பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து மறுபடி வந்து நிற்கும். அதற்குள் கதை ஐரோப்பாவின் கடைக்கோடிக்குப் போய்விட்டது.

அயர்லாந்தில் ரோமப் பேரரசு கால் வைத்ததில்லை. அங்கே சபை மடங்களைச் சுற்றி வளர்ந்தது. துறவிகள் அன்றாடக் குற்றங்களை அன்றாடமே மூத்தவரிடம் தனியாகச் சொல்லி, தண்டனை பெற்று, மறுநாள் புதிதாக எழுந்தார்கள். வாசலில் நின்று அழ வேண்டாம். ‘ஒரே முறை’ என்ற பேச்சும் இல்லை. மடத்தை ஒட்டி வாழ்ந்த குடியானவர்களும் இதையே கேட்டார்கள், மடாதிபதிகள் கொடுத்தார்கள். எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் என்று கட்டண அட்டவணைபோல் கையேடுகள் வந்தன. ஆறாம் நூற்றாண்டின் ஃபின்னியன் கையேட்டில், அயலானைக் கொல்ல மனதுக்குள் திட்டமிட்ட குருவுக்கு அரை ஆண்டு அளவு வைத்த ரொட்டியும் தண்ணீரும். அதே பாவத்துக்குக் குடியானவனுக்கு ஒரு வாரம்தான். உலகத்தில் உழல்கிறவனுக்குக் குற்றமும் குறைவு, மறுமைப் பலனும் குறைவு என்பது அவர் கணக்கு. இந்தப் பழக்கம் தீவோடு முடிந்திருக்க வேண்டியது. 590-ஐ ஒட்டி, பேங்கர் மடத்திலிருந்து ஒரு முரட்டுத் துறவி பன்னிரண்டு தோழர்களோடு கப்பலேறினார்.

கொலம்பானுஸ் என்று பெயர். சங்கீதம் தொடங்கும்போது இருமினால் ஆறு அடி என்று விதி எழுதியவர். பிரான்சின் மலைக்காடுகளில், லுக்சேய் முதலிய இடங்களில் மடங்கள் கட்டினார். பாவப்பட்ட ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். வாழ்க்கையில் ஒரே தவம் என்று கேட்டே பழகியவர்களுக்கு, எத்தனை முறை விழுந்தாலும் வா என்று ஒருவர் சொன்னால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஸ்பெயினின் ஆயர்களுக்கு இப்படிப்பட்ட போக்கே பிடிக்கவில்லை. பாவம் செய்யும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டு வருவது அருவருப்பான துணிச்சல் என்று 589-இல் தொலேதோ சங்கத்தில் கண்டித்திருந்தார்கள். கொலம்பானுஸை வீழ்த்த ஆயர்கள் தேவைப்படவில்லை, அரசன் போதும். தான் மணமாகாமல் பெற்ற பிள்ளைகளை ஆசீர்வதிக்க மறுத்த குற்றத்துக்காக இரண்டாம் தியோதெரிக் அவரை நாடு கடத்தினான். 610-இல் நாந்த் துறைமுகத்தில் அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் ஏற்றினார்கள்.

கப்பல் போகவில்லை. கடலுக்குள் நுழைந்த அதைப் பேரலை ஒன்று கரைக்கே தள்ளியது. மூன்று நாள் மணலில் கிடந்ததாக அவருடைய சரித்திரத்தை எழுதிய யோனாஸ் சொல்கிறார். மாலுமிகள் பயந்துபோய் அவருடைய சாமான்களை இறக்கிவிட்டார்கள். அந்த அலை அடிக்காமலிருந்தால் ஐரோப்பாவின் மன்னிப்பு வரலாறு என்னவாகியிருக்குமோ! கொலம்பானுஸ் திரும்பி நடந்தார். ஆல்ப்ஸைத் தாண்டி, மிலானில் சில காலம் தங்கி, போப்பியோவில் மடம் கட்டி, 615-இல் அங்கேயே இறந்தார். அவருடைய சீடர்கள் பெருகினார்கள். ஏழாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் ஷாலோன் நகரில் கூடிய ஆயர்கள், குருவிடம் பாவத்தைச் சொல்லித் தவம் பெறுவது எல்லாருக்கும் நல்ல மருந்து என்று ஏற்றுக்கொண்டார்கள். தொலேதோவில் அருவருப்பாக இருந்தது அறுபது எழுபது ஆண்டில் மருந்தாகிவிட்டது.

மருந்துக்கும் பக்கவிளைவு இருந்தது. ஆண்டுக்கணக்கில் ரொட்டியும் தண்ணீருமாக இருக்க முடியாதவர்கள், மாற்று ஏற்பாடு கேட்டார்கள். பட்டினிக்குப் பதில் சங்கீதம். சங்கீதத்துக்குப் பதில் காசு. இங்கிலாந்தில் அரசர் எட்கார் பெயரோடு வழங்கிய கையேடு ஒன்றில், ஏழாண்டு நோன்பை ஒரு செல்வந்தர் மூன்றே நாளில் முடிக்க வழி சொல்லியிருக்கிறது. 12 ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று நாள் நோன்பு. பிறகு ஏழு முறை, ஒவ்வொரு முறையும் 120 பேரை மூன்று நாள் நோன்பிருக்க வைக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் 2,556 நாள். ஏழாண்டோடு லீப் ஆண்டின் ஒரு நாளையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள்! இந்தக் கணக்கு வளர்ந்து வளர்ந்து ஞானப்பலன் சீட்டு விற்பனையில் போய் முடிந்து, 1517-இல் லுத்தர் என்ற துறவியின் கோபத்தைக் கிளப்பியது தனிக்கதை.

அதற்கு முன்பே, 1215-இல், மூன்றாம் இன்னொசென்ட் பாப்பரசர் கூட்டிய நான்காம் லாத்தரன் சங்கம் விதியை எழுதிவிட்டது. விவரம் தெரிந்த வயதை எட்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். கேட்டதை வெளியே சொன்ன குரு பதவி இழந்து, சாகும்வரை கடுமையான மடத்தில் அடைபட்டுத் தவம் செய்ய வேண்டும். ‘வாழ்நாளில் ஒரே முறை, அதற்கு மேல் இல்லை’ என்பது ‘ஆண்டுக்கு ஒன்றுக்குக் குறையாமல்’ என்று தலைகீழாகிவிட்டது. 1547-இல் திரெந்து சங்கம், விசுவாசத்தை விடாதவனும் ஒரே சாவான பாவத்தால் அருளை இழக்க முடியும் என்று உறுதிசெய்தது. இழந்ததைத் திரும்பப் பெறப் பாவசங்கீர்த்தனம்தான் வழி என்று சொல்லி, தெர்த்துல்லியனின் பழைய பலகையையே எடுத்துக் காட்டியது. ஆக, ஐரோப்பாவின் அத்தனை கத்தோலிக்கரும் ஆண்டுதோறும் வந்து முழங்காலிட வேண்டும். எங்கே முழங்காலிடுவது?

அதற்கென்று ஓர் இடமே கிடையாது. குரு கோயிலில் எங்காவது ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவார். வந்தவர் அவர் காலடியில் மண்டியிட்டு, காதருகே கிசுகிசுப்பார். கூட்டமாக இருந்தால் அடுத்து நிற்பவர் காதிலும் விழும். ஒதுக்குப்புறமாகப் போனால் கான்ஸ்டான்டினோப்பிளின் பழைய வில்லங்கம் காத்திருந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு வரும் பெண்களிடம் தகாத முறையில் நடக்கும் குருக்களை ஸ்பெயினின் விசாரணை மன்றம் விசாரிக்கட்டும் என்று 1561-இல் நான்காம் பயஸ் பாப்பரசர் ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது. திறந்த வெளியில் மானம் போகும். மூடிய இடத்தில் கற்பே போகும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் அந்தப் பாப்பரசரின் சொந்தச் சகோதரி மகன்.

சார்லஸ் பொரோமேயோ இருபத்தொரு வயதில் கர்தினால் ஆனவர். மாமா போட்ட பிச்சை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் திரெந்து சங்கத்தை முடித்துவைக்க இரவு பகலாக உழைத்துவிட்டு, மிலானின் பேராயராக வந்தவர், சங்கத்தின் ஒவ்வொரு வரியையும் நடைமுறைப்படுத்தக் கிளம்பினார். 1565-இல் மாகாணச் சங்கத்தைக் கூட்டி, பாவசங்கீர்த்தனத்தில் குருவுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு பலகை இருக்க வேண்டும் என்று விதித்தார். மிலானில் ஹுமிலியாத்தி என்ற துறவற சபை கொழுத்த சொத்தோடு சுகமாக இருந்தது. அதையும் திருத்தப் போனார். 1569 அக்டோபர் 26 மாலை, தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் முழங்காலிட்டுச் செபித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சபையைச் சேர்ந்த ஃபரீனா என்பவன் சில எட்டுத் தூரத்திலிருந்து அவர் முதுகில் சுட்டான்.

குண்டு உடையில் பட்டு விழுந்தது. முதுகில் ஒரு கன்றல் மட்டும். செபத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாராம். ஹுமிலியாத்தி சபை 1571-இல் கலைக்கப்பட்டது. 1576-இல் மிலானைக் கொள்ளைநோய் தாக்கியது. தெருத்தெருவாக நடந்து நோயாளிகளுக்குத் திருவருட்சாதனங்கள் கொடுத்தார். அதிலும் தப்பினார். அடுத்த ஆண்டு, 1577-இல், கோயில் கட்டுமானம் பற்றி ஒரு கையேட்டை வெளியிட்டார். பீடம் எவ்வளவு உயரம், விளக்கு எங்கே, தண்ணீர்த் தொட்டி எப்படி என்று ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் சொல்கிற நூல். அதில் ஓர் அத்தியாயம், அதுவரை உலகில் அந்த வடிவத்தில் இல்லாத ஒரு மரச்சாமானின் அளவுகளைத் தந்தது.

குரு உட்கார மூன்று பக்கம் அடைத்த மரக்கூண்டு. பக்கத்தில், வருபவர் முழங்காலிட ஒரு படி, கை வைக்க ஒரு சாய்ப்பலகை. நடுப்பலகையில் முகத்துக்கு நேராக ஒரு சாளரம். சாளரத்தில் இரும்புத் தகடு, தகடு முழுக்கப் பட்டாணி அளவுத் துளைகள். குருவின் பக்கம் மெல்லிய துணித் திரை. குரல் போகும், விரல் போகாது. கூண்டு இருட்டு மூலையில் இருக்கக் கூடாது. கோயிலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் நிற்க வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். நெக்டாரியஸ் பதவியையே ஒழித்துத் தீர்த்த சிக்கலை, மிலான் பேராயர் ஒரு தச்சு வேலையால் தீர்த்தார். இன்று தூத்துக்குடியிலும் வேளாங்கண்ணியிலும் கோயில் ஓரமாக நிற்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி இப்படித்தான் பிறந்தது.

தொட்டியின் அளவுகள் ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இங்கே ஒரு சுவையான தற்செயல். முத்துக்குளித்துறையில் பல்லாண்டு வாழ்ந்து தமிழ் கற்ற போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு அண்ட்ரிக் அடிகளார், 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். 1580-இல் கொச்சியிலிருந்து அவருடைய இன்னொரு நூல் வந்தது: ‘கொம்பெசியோனாயரு’. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று விளக்கும் கையேடு. இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறிய தமிழின் முதல் சில நூல்களில் ஒன்று, விழுந்தவர்கள் எழுவதற்கான வழிகாட்டி.

1584-இல் பொரோமேயோ 46 வயதில் இறந்தார். 1614-இல் வெளியான ரோமைச் சடங்கு நூல் கம்பித் தட்டி பதித்த தொட்டியை உலகெங்கும் கத்தோலிக்கருக்குப் பொதுவாக்கியது. நாலைந்து ஆண்டு கழித்து, நெதர்லாந்தின் டோர்ட் நகரில், கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த கால்வின் வழிச் சபைகளின் சங்கம் கூடியது. அர்மினியுஸ் என்ற பேராசிரியரின் சீடர்கள், உண்மை விசுவாசி விழுந்தே போக முடியுமா என்பதை வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆராய ஒன்றுமில்லை என்றது சங்கம். கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் தாவீதைப்போல், பேதுருவைப்போல் கடுமையாக விழலாம். முற்றாக விழக் கடவுள் விடமாட்டார் என்று 1619-இல் தீர்ப்பானது. அந்தச் சபைகளுக்குத் தொட்டியே தேவைப்படவில்லை. ஆனால் அர்மினியுஸின் கட்சி செத்துவிடவில்லை. அடுத்த நூற்றாண்டில் ஜான் வெஸ்லி அதைக் கையிலெடுத்தார். ‘பின்மாற்றம்’ என்று நம்மூர் எழுப்புதல் கூட்டங்களில் எச்சரிக்கும் குரல் அந்த வழியில் வந்ததுதான்.

தொட்டிக்கு ஆபத்து வந்தது அதன் சொந்த வீட்டிலிருந்து. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1973-இல் பாவசங்கீர்த்தனச் சடங்கு மாற்றி எழுதப்பட்டது. பல நாடுகளில் தொட்டிகளைக் களஞ்சிய அறைக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாற்காலிகளைப் போட்டு, முகம் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். 1983-இன் திருச்சபைச் சட்டம் கம்பித் தட்டியை விட்டுக்கொடுக்கவில்லை: விரும்புவோர் தடையின்றிப் பயன்படுத்த, எல்லாரும் காணும் இடத்தில், நிலையான தட்டியோடு கூடிய தொட்டி இருந்தாக வேண்டும் என்கிறது அதன் 964-ஆம் விதி. விரும்புவோர் என்றால் யார், சொல்பவரா, கேட்பவரா? நேருக்கு நேர் பேச வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால், குரு தட்டிக்குப் பின்னால்தான் உட்காருவேன் என்று சொல்லலாமா? கேள்வி ரோமுக்கே போயிற்று. 1998 ஜூலையில் பதில் வந்தது: சொல்லலாம்.